பட்ஜெட் போன் இலக்கணம்

1. பட்ஜெட்டியல்

பட்ஜெட் போன் என்பது, வாங்குவதற்கு முன் வீட்டில் ஒரு தொகை சொல்லப்பட்டு, வாங்கிய பின் அந்தத் தொகையைப் பற்றி யாரும் வாய் திறக்காத கைப்பேசியாகும். விலை இதன் இலக்கணத்துக்குள் வராது. ஒரு வீட்டில் 8,000 ரூபாய் பட்ஜெட். அடுத்த வீட்டில் 20,000 ரூபாயும் பட்ஜெட்தான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அமைவது, சொன்ன தொகைக்கும் பில்லில் உள்ள தொகைக்கும் இடையிலான தூரம். பொருளியல் பாடநூல்களில் பட்ஜெட் என்பது செலவின் மேல் எல்லை. போன் கொள்முதலில் அது பேச்சு தொடங்கும் இடம்.

எல்லை தாண்டப்படும் முறை எங்கும் ஒன்றே. பத்தாயிரம் ரூபாய் போனைக் கையில் எடுத்தவருக்கு, இன்னும் 800 ரூபாய் போட்டால் ரேம் 4 ஜிபியிலிருந்து 6 ஜிபி ஆகும் என்பது தெரியவருகிறது. பத்தாயிரம் கொடுப்பவருக்கு 800 ஒரு பொருட்டல்ல. அங்கே போய் நின்றதும், மேலும் 700 ரூபாயில் சேமிப்பகம் இரு மடங்காவது கண்ணில் படுகிறது. அதற்கும் மேலே, 12,499 ரூபாயில் 5ஜி கிடைக்கும்போது 11,500 கொடுத்து 4ஜி வாங்குவது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு படியையும் தனியே எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. கிமு 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் பெயரால் வழங்கும் குவியல் புதிர், ஒரு மணி தானியத்தைச் சேர்ப்பதால் மட்டும் குவியல் உண்டாகிவிடுமா என்று கேட்கிறது. சேர்த்துக்கொண்டே போனால் எப்போது உண்டாகும் என்பதைத் தத்துவவாதிகள் இன்னும் தீர்க்கவில்லை. போன் வாங்குபவர் கார்டைத் தேய்க்கும்போது அறிந்துகொள்கிறார்.

இந்தக் கணக்கில் வாங்குபவர் மறந்துவிடும் பங்காளி ஒருவர் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் கைப்பேசிக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தது. 11,800 ரூபாய் கொடுத்து வாங்கும் போனில் பொருளின் விலை 10,000. மிச்சம் 1,800 வரி. ஆகவே பட்ஜெட் பத்தாயிரம் என்று வீட்டில் சொல்லிவிட்டு 11,800 ரூபாய்க்கு வாங்கி வந்தவர், போன் பத்தாயிரத்துக்குள்தான் என்று வாதிட இடமுண்டு. இவ்வாதம் எந்த வீட்டிலும் ஏற்கப்படுவதில்லை.

2. வரலாற்றியல்

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக் ராமுடன் பேசினார். அக்காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வரும் அழைப்புக்கும் காசு. போன் வாங்கக் காசிருந்தவரும் அதில் பேசத் தயங்கிய காலம் என்பதால், பட்ஜெட் போன் என்ற இனம் அன்று தோன்றியிருக்க முடியாது. அழைப்பு வந்தால் எண்ணைப் பார்த்துத் துண்டித்துவிட்டு, தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு நடந்துபோய்த் திருப்பி அழைப்பதே அன்றைய சிக்கன முறை.

இவ்வினத்தின் பிறப்பு ஆண்டு 2003. அந்த ஆண்டு மே மாதம் முதல் வரும் அழைப்புகள் இலவசமாயின. 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்ற ரிலையன்ஸ் திட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. நோக்கியா 1100 வெளிவந்ததும் 2003-இல். தூசி புகாத விசைப்பலகை, பிடி வழுக்காத உடல், தலையில் ஒரு டார்ச் விளக்கு ஆகியவற்றுடன் வந்த இந்த மாடல் உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. மின்வெட்டு நிலவிய ஊர்களில் டார்ச் விளக்கே முதன்மையாகவும், பேசும் வசதி உடன்வருவதாகவும் கருதப்பட்டது. நோக்கியாவின் தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் இயங்கியதால், அந்நிறுவனத்தைச் சொந்த ஊர்க்காரராகக் கருதும் வழக்கமும் தமிழ்நாட்டில் உண்டாயிற்று.

2014 ஜூலையில் சியோமி நிறுவனம் எம்ஐ 3 மாடலை இணையத்தில் மட்டும் விற்கத் தொடங்கியது. பின்வந்த சுற்றுகளில் சரக்கு சில வினாடிகளில் தீர்ந்தது. கையில் காசு இருந்தும் பொருள் கிடைக்காமை என்ற அனுபவம், ரேஷன் கடைக்கு வெளியே அதுவரை அவ்வளவாக அறியப்படாதது. 2016 பிப்ரவரியில் நொய்டா நிறுவனம் ஒன்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருவதாக அறிவித்தபோது, முன்பதிவுக்குத் திரண்ட கூட்டத்தில் அதன் இணையதளமே முடங்கியது. பட்ஜெட் போனுக்குக் கீழ் எல்லை எது என்ற கேள்விக்கு அந்நிகழ்வு விடை தந்தது. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கி டேட்டாவின் விலை சரிந்த பிறகு, பட்டன் போனே போதும் என்றிருந்தவர்களும் டச் போனுக்கு மாறினர். இன்று நிலவும் சிக்கல்கள் எல்லாம் அதற்குப் பிற்பட்டவை.

3. உறுப்பியல்

போனின் உறுப்புகள் இருவகைப்படும்: அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடப்படுபவை, அச்சிடப்படாதவை. முதல் வகை வாங்கத் தூண்டும். இரண்டாம் வகையோடுதான் மூன்று ஆண்டு குடித்தனம் நடத்த வேண்டும்.

ரேம்: பெட்டியில் 12 ஜிபி என்றிருந்தால், அருகே உள்ள நட்சத்திரக் குறியைத் தேடிப் பார்ப்பது ஆய்வாளர் கடமை. பல மாடல்களில் அது 6 + 6. முதல் ஆறு மெய்யான ரேம். இரண்டாம் ஆறு சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. கடன் வாங்கிய ரேமின் வேகம் மெய் ரேமை ஒட்டிக்கூட வராது. ஆகவே கூட்டல் குறிக்கு இடப்பக்கம் உள்ள எண்ணையே கணக்கில் கொள்ள வேண்டும்.

சேமிப்பகம்: 128 ஜிபி என்று எழுதியிருக்கும் போன், கணினி எண்ணும் முறைப்படி 119 ஜிபி அளவில்தான் வரும். உற்பத்தியாளர் ஆயிரங்களால் பெருக்குகிறார், கணினி 1,024-ஆல் பெருக்குகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த 119-க்குள் இயங்குதளமும், யாரும் கேட்காமல் குடியேறியுள்ள விளையாட்டுகளும் கடன் செயலிகளும் முன்னரே இடம் பிடித்திருக்கும். அளவைவிடச் சேமிப்பகத்தின் வகை முக்கியம். இஎம்எம்சி 5.1 வகையின் உச்ச வேகம் கோட்பாட்டளவில் வினாடிக்கு 400 எம்பி, யுஎஃப்எஸ் 2.2 வகைக்கு ஏறத்தாழ 1,200 எம்பி. ஓராண்டு கழித்து “போன் ஹேங் ஆகுது” என்று எழும் புகாருக்கு வைரஸ் காரணம் என்று வீட்டாரும், ரேம் காரணம் என்று நண்பர்களும் சொல்வர். பல நேரங்களில் குற்றவாளி, நிரம்பி வழியும் இந்த இஎம்எம்சி.

கேமரா: பின்புறம் மூன்று வட்டங்கள் தெரிந்தால் மூன்று கேமரா என்று கொள்ளற்க. ஒன்று வேலை செய்வது. மற்றொன்று 2 மெகாபிக்சல் மேக்ரோ. எறும்பைப் படம் எடுக்க உதவும் என்று சொல்லப்படுகிறது. சில மாடல்களில் மூன்றாவது வட்டத்துக்குள் விளக்கு மட்டுமே இருக்கும். வேலை செய்யும் 50 மெகாபிக்சல் கேமராவும், இயல்பு நிலையில் நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் அதுவே நல்ல முறை. அந்தப் படத்தை வாட்ஸ்அப் மேலும் பல மடங்கு சுருக்கி அனுப்புகிறது. பெறுபவர் அதை, கண்ணாடி போடாமல், கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கிறார். ஐம்பது மெகாபிக்சலின் பயணம் இவ்வாறு முடிகிறது.

திரை: எச்டி பிளஸ் எனப்படும் 720 × 1600 திரையில் ஏறத்தாழ 11.5 லட்சம் புள்ளிகள். ஃபுல் எச்டி பிளஸ் எனப்படும் 1080 × 2400 திரையில் ஏறத்தாழ 26 லட்சம். விலை குறைந்த போன்களில் முந்தியதை வைத்துவிட்டு, பெட்டியில் 120 ஹெர்ட்ஸ் என்பதை மட்டும் அச்சிடுவது வழக்கம். குறைவான புள்ளிகளை வினாடிக்கு 120 முறை புதுப்பித்தாலும் அவை கூடுவதில்லை. வெளியே அலைந்து வேலை பார்ப்பவர் புள்ளிகளைவிட ஒளிர்வைப் பார்ப்பது நல்லது. சித்திரை மாத நண்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று ஓடிபி படிக்க முடிகிறதா என்பதே சரியான சோதனை. கடையின் குளிரூட்டிய அறையில் எல்லாத் திரையும் பளிச்சென்றே இருக்கும்.

பேட்டரி: 5,000 எம்ஏஎச் என்பது இந்த வகுப்பில் பொதுவிதி ஆகிவிட்டதால் அதைக் கொண்டு தேர்வு செய்ய இயலாது. வேறுபடுத்துவது சார்ஜர். 10 வாட் சார்ஜரில் முழுதாக ஏற இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகும். 33 வாட்டில் ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாகும். போன் 33 வாட் ஏற்கும் என்று எழுதிவிட்டுப் பெட்டிக்குள் 10 வாட் சார்ஜர் வைப்பதும், சார்ஜரே வைக்காமல் விடுவதும் உண்டு என்பதால், பெட்டியை அசைத்துப் பார்க்கும் பழைய வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது.

5ஜி: இந்தியாவில் இது 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணையின்றித் தனித்து இயங்கும் அமைப்பு. அதை ஏற்காத போனில் ஜியோ சிம் போட்டால் மேல்மூலையில் 5ஜி என்று ஒருநாளும் வராது. எந்த அலைவரிசைகளை ஏற்கும் என்ற பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். குறைந்தது என்28, என்78 ஆகிய இரண்டும் அதில் உண்டா என்று பார்ப்பது போதும்.

அச்சிடப்படாதவற்றுள் தலையானவை இரண்டு. பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும் என்பது ஒன்று. வங்கிச் செயலியும் யுபிஐயும் உள்ள போனில் கேமராவுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது. கடைகளில் அநேகமாக யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. சொந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பது மற்றொன்று. மாவட்டத் தலைநகரில் மட்டும் சென்டர் உள்ள நிறுவனத்தின் போனுக்கு, பேருந்துக் கட்டணத்தையும் ஒருநாள் கூலி இழப்பையும் சேர்த்தே விலை போட வேண்டும்.

4. சுற்றத்தியல்

வாங்குபவர் தனியாக முடிவெடுத்ததாக எங்கும் சான்றில்லை. அவரைச் சூழ்ந்து நிற்கும் ஆலோசகர்கள் நால்வகையினர்.

முதலாமவர் அக்கா மகன். பொறியியல் படிப்பவர் அல்லது படித்து முடித்து வேலை தேடுபவர். “மாமா, இது மீடியாடெக் சிப், சூடாகும், வேணாம்” என்று ஒரு தீபாவளிக்கும், “ஸ்னாப்டிராகன்ல அந்த சீரிஸ் பழசு மாமா, மீடியாடெக்கே எடுத்துக்கங்க” என்று அடுத்த தீபாவளிக்கும் சொல்வார். இரண்டு முறையும் அவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். சிப்பின் தரம் நிறுவனத்தைப் பொறுத்ததன்று, மாடலைப் பொறுத்தது. மாமாவுக்கு நினைவில் நிற்பது நிறுவனத்தின் பெயர் மட்டுமே.

இரண்டாமவர் அலுவலக நண்பர். தாம் வாங்கியதையே பிறரும் வாங்க வேண்டும் என்பது இவர் கொள்கை. வாங்கிய பொருள் மேல் எழும் ஐயத்தை அடக்க, அதன் நற்குணங்களையே தேடிச் சேர்ப்பது மனித இயல்பு என்பதை அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் நூலாக விளக்கினார். நண்பருக்கு அந்நூலோடு பழக்கமில்லை. ஆனால் இரண்டாவதாக ஒருவர் அதே மாடலை வாங்கிவிட்டால் இரவில் நன்றாகத் தூக்கம் வரும் என்பதை அறிவார்.

மூன்றாமவர் யூடியூப் விமர்சகர். பெட்டியைப் பிரிப்பதில் வல்லவர். இவர் பேசும் போன் பெரும்பாலும் நிறுவனம் அனுப்பி வைத்தது. கையில் இருப்பது சில நாள். ஆகவே இவருடைய தீர்ப்பு புதுமணத் தம்பதியரின் இல்லற அனுபவத்துக்கு நிகரானது. ஓராண்டு கழித்து அதே போனைப் பற்றிப் போடும் காணொளிகளும் உண்டு. பயனுள்ளவை அவைதாம், பார்வையாளர் குறைவாக இருப்பதைக் கொண்டு அவற்றை எளிதில் அடையாளம் காணலாம்.

நான்காமவர் வீட்டுப் பெரியவர். மாடியிலிருந்து விழுந்தும் உடையாத பழைய நோக்கியாவை எடுத்துக்காட்டாகச் சொல்லி, எந்த விவாதத்தையும் முடித்துவைப்பவர். இவருக்கு எதிர்வாதம் இல்லை. அந்தப் போன் இன்றும் வேலை செய்கிறது.

5. கடையியல்

கொள்முதல் நேரடி, இணையவழி என இருவகை. நேரடிக் கடைக்குள், நிறுவனத்தின் பெயர் பொறித்த டி-ஷர்ட் அணிந்து முதலில் வந்து நிற்பவர் பல நேரங்களில் கடையின் ஆளல்லர். அந்த நிறுவனமே அமர்த்திய விற்பனையாளர். அவரிடம் எந்த கம்பெனி நல்லது என்று கேட்பது, தேர்தல் நேரத்தில் கட்சி அலுவலகத்தில் வாக்களிக்க ஆலோசனை கேட்பதை ஒக்கும். இங்கு நடைபெறும் உரையாடலின் மாதிரி வடிவம்:

“ஆன்லைன்ல இது 10,999 போட்டிருக்கே?”

“அதே விலைக்கு நாங்களும் தர்றோம்ண்ணே. ஆனா அந்தக் கலர் மட்டும் இப்ப ஸ்டாக் இல்ல. அதுக்கு மேல மாடல் இருக்கு, பாக்குறீங்களா? பாக்குறதுக்குக் காசா?”

பட்ஜெட் மேலெழும் இடம் இந்தக் கடைசிக் கேள்வி.

இலவசங்கள் இத்துறையின் தனிப் பிரிவு. டெம்பர் கிளாஸ், பேக் கவர், இயர்போன் ஆகிய மூன்றும் மரபுவழிப்பட்டவை. 2019 டிசம்பரில் வெங்காய விலை எகிறியிருந்தபோது, பட்டுக்கோட்டையில் ஒரு கடை ஸ்மார்ட்போன் வாங்குவோருக்கு ஒரு கிலோ வெங்காயத்தை இலவசமாகத் தந்து செய்திகளில் இடம்பெற்றது. மூன்று ஆண்டுகளில் மதிப்பிழக்கும் பொருளோடு மூன்று நாளில் தீரும் பொருளைக் கொடுத்த இம்முறையில், வீட்டில் எதிர்ப்பு குறைவாக எழுந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இணையவழியில் காட்டப்படும் விலை, பெரும்பாலும் குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கான விலை. அக்கார்டு வாங்குபவரிடம் இராது. அவருக்குத் தெரிந்த ஒருவரிடம் இருக்கும். பண்டிகை விற்பனை நாட்களில் அந்த ஒருவர் பலராலும் நலம் விசாரிக்கப்படுகிறார். “சார், ஓடிபி வந்துச்சா?” என்ற கேள்வியோடு விசாரிப்பு நிறைவுறும். பழைய போனுக்கு மாற்று மதிப்பு “10,000 ரூபாய் வரை” என்று முகப்பில் இருக்கும். வாங்குபவரின் மாடலைப் பதிந்தால் அது 450 ரூபாய் என்று காட்டும். “வரை” என்பதற்குள் இதுவும் அடங்கும்.

வட்டியில்லா இஎம்ஐ பற்றி ஒரு விளக்கம் தேவை. பூச்சிய வட்டி என்ற கருத்தே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நடைமுறையில் வங்கி வட்டி போடவே செய்கிறது. அதே அளவுத் தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. கிரெடிட் கார்டில் அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சேவைக் கட்டணம் தனி. அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. மொத்தப் பணமும் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு அதே தள்ளுபடி கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பழைய போன் வாங்குவோர் சென்னையில் ரிச்சி தெருவுக்கும் பர்மா பஜாருக்கும் செல்வர். மற்ற ஊர்களில் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகள் உண்டு. இங்கு விலைபேசும் திறமையைவிட *#06# என்ற விசை வரிசை உதவும். அதை அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், பெட்டியிலும் பில்லிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, தடைசெய்யப்பட்டதா என்று பார்க்கலாம். இந்த எண்ணைக் கேட்டதும் விற்பவர் விலையைக் குறைத்தால், வாங்காமல் நடையைக் கட்டுவதே முறை.

6. முடிபியல்

எதை வாங்குவது என்ற கேள்விக்குக் கணிதத்தில் ஒரு விடை உண்டு. ஒவ்வொன்றாக வருபவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விட்டதைத் திரும்பப் பெற முடியாது என்ற நிலையில், முதல் 37 விழுக்காட்டைப் பார்த்து மட்டும் வைத்துக்கொண்டு, அதன்பின் அவை அனைத்தையும்விட மேலான ஒன்று வந்தவுடன் எடுத்துவிடுவது உத்தமம். 30 மாடல் பார்ப்பவர் முதல் 11-ஐ விட்டுவிட வேண்டும். விட்டது திரும்பாது என்ற நிபந்தனை போன் சந்தைக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். “இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான் சார்” என்று கடைக்காரர் அதைப் பொருத்திவிடுகிறார். விதி தோற்பது வேறிடத்தில்: 11-ஆவது மாடலுக்குள் வாங்குபவருக்கு முதல் மாடல் மறந்துபோகிறது.

1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் வேறு வழி சொன்னார். மனிதன் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, தன் தேவைக்குப் போதுமானதைக் கண்டதும் நிறுத்திவிடுகிறான் என்பது அவர் கருத்து. இதைப் போனுக்குப் பொருத்தினால் நடைமுறை எளிது. தேவைகளைக் கடைக்குப் போகும் முன் தாளில் எழுத வேண்டும்: மெய் ரேம் 6 ஜிபி, யுஎஃப்எஸ் சேமிப்பகம், நான்கு ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு, பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர். இவை நான்கும் உள்ள முதல் போனை, விலை பட்ஜெட்டுக்குள் இருந்தால், வாங்கிவிட வேண்டும். நான்கும் உள்ள போன் பட்ஜெட்டுக்குள் இல்லையென்றால் ஒன்றைக் கைவிட வேண்டும். நடைமுறையில் கைவிடப்படுவது தாள்.

7. ஒழிபியல்

மேற்கூறிய இயல்களில் அடங்காதவை இங்குத் தொகுக்கப்படுகின்றன.

விலைச் சரிவு: வாங்கிய போனின் விலை சில வாரங்களில் குறையும். குறைந்ததை அறிவிப்பவர், வாங்கும்போது அருகில் இருந்த அதே அலுவலக நண்பர். வாங்கிய பின் அந்த மாடலின் பெயரை இணையத்தில் தேடாதிருப்பதே இதற்கு மருந்து.

வாரிசு முறை: வீடும் நிலமும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். போன் மகனிடமிருந்து தந்தைக்குச் செல்லும். மகன் புதியது வாங்கியதும் பழையது அப்பாவுக்கும், அப்பா வைத்திருந்தது அம்மாவுக்கும், அம்மாவுடையது பாட்டிக்கும் ஏறுமுகமாகப் போகும். “எனக்கு எதுக்குப்பா புதுசு?” என்பது ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லப்பட வேண்டிய வாசகம். பட்ஜெட் மீறப்பட்டதற்கு மகன் சொல்லும் நியாயங்களுள் வலுவானது இதுவே: ஒரு போன் வாங்கினால் வீட்டில் நான்கு பேருக்குப் போன் மாறுகிறது.

இறுதிச் சடங்கு: பாட்டிக்கும் பிறகு போன் மேசை இழுப்பறைக்குள் போகிறது. லித்தியம் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும் என்பதால் அங்கே விடுவது தகாது. பழைய மின்னணுப் பொருள்களை மறுசுழற்சிக்கு உட்படுத்தும் பொறுப்பை, 2023 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் மீது வைக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். எண்களையும் படங்களையும் அழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

பெட்டி: போனின் அட்டைப்பெட்டி பரண் மேல் வைக்கப்படும். பில் அதற்குள் இருக்கும். உத்தரவாதம் பில் தேதியிலிருந்து ஓராண்டு. கீழே விழுந்து உடைவதும் தண்ணீரில் விழுவதும் அதில் சேரா.